ஏறாத பச்சை வளையல்

பிழையோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். மறதியும் அதிகம். வெள்ளிக்கிழமை பூஜையில் எல்லாரும் எழுந்து பேசும்போது எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் பிள்ளையார் எங்களுக்குச் செய்ததைத் தாளில் எழுதித் தருகிறேன்.

போன வருடம் மாசி மாதம். மருமகள் செல்விக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து மூன்று வாரம். திங்கட்கிழமை ரயிலில் வள்ளியூருக்கு, அவள் தாய்வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். டைல்ஸ் வேலை செய்கிற என் மகன் முத்து சனி, ஞாயிறு லீவு சொல்லியிருந்தான். அந்த இரண்டு நாளில் தையல்கடை, மருந்துக்கடை, ஸ்கேன் பேப்பர் ஜெராக்ஸ் என்று இரண்டு பேரும் அலைந்தார்கள்.

சனிக்கிழமை காலையே செல்வி தலைவலி என்றாள். முகம் உப்பியிருந்தது.

"அம்மா வீட்டுக்குப் போற சந்தோஷத்துல தூங்கியிருக்க மாட்டா," என்றான் முத்து.

"ஒங்க குறட்டையில எவ தூங்குவா?" என்றாள் அவள்.

நானும் சிரித்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் சகஜம் என்று நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டேன். அது என் தப்பு.

சாயங்காலம் துணி மடிக்கும்போது கட்டில் கம்பியில் பட்டு வளைகாப்பு வளையல் ஒன்று உடைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வளையல் பிரசவம்வரை கையில் கிடக்க வேண்டும். கைக்குப் பதினொன்று போட்டிருந்தோம். பத்தாகிவிட்டது, இரட்டைப்படை ஆகாது. என் வீட்டுக்காரர் போன அன்று என் வளையலை உடைத்த சத்தம் காதுக்குள் கேட்டது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. "பிள்ளையாரே, அதே மாதிரி ஒரு வளையல் கிடைக்கணும்" என்று மட்டும் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போனேன். பெண்கள் தெருவெல்லாம் அம்மனுக்குப் பொங்கலிடுகிற பொங்காலை நெருங்கிவிட்டது. வழியெல்லாம் மண்பானையும் செங்கல்லும் குவிந்து கிடந்தன.

"ஒரு வளையலுக்காம்மா இந்த வெயில்ல?" என்று முத்து சடைத்தான். நான் விடவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, முன்பு வாங்கின அதே வளையல் கடைக்குப் போனோம்.

அதே பச்சை, அதே அளவு இருந்தது. வேண்டுதல் பலித்தது என்று நினைத்தேன். ஆனால் வளையல் விரல் மூட்டைத் தாண்டவில்லை. கடைக்காரச் சேச்சி சோப்புத்தண்ணீர் தடவியும் ஏறவில்லை. கையிலிருந்த வளையல்களைத் திருப்பிப் பார்த்தாள். அவை நகரவில்லை, சதைக்குள் பதிந்திருந்தன. விரலால் மணிக்கட்டை அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்தபடியே இருந்தது.

"மூணு ஆழ்ச்சை முன்னாடி வளைகாப்புக்கு நான்தானே இந்தக் கைக்கு வளை இட்டேன். என்ன நீரு மோளே இது? கண்ணு சரியாத் தெரியுதா?"

"காலையிலேருந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது சேச்சி," என்றாள் செல்வி. எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை.

சேச்சி என்னைப் பார்த்தாள். "அம்மச்சி, வளையல் இருக்கட்டும். என் நாத்தூனுக்கு இப்படி நீர் வந்துதான் ஜன்னி கண்டது. வீட்டுக்குப் போகண்டா. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

ஆட்டோ அந்தப் பானைகளுக்கு நடுவில் ஊர்ந்தது. செல்வி கண்ணை மூடி முத்துமேல் சாய்ந்துவிட்டாள். எனக்கு வேண்டத் தெரியவில்லை. "அப்பனே, அப்பனே" என்பது மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்ததும் ஆட்கள் ஓடினார்கள். உடனே ஆபரேஷன், இல்லையென்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள். ஊசி ஏற்ற வளையலைக் கழற்ற வேண்டும். கழலவில்லை. உடைக்கத்தான் வேண்டும் என்றாள் நர்ஸ்.

"வேண்டாம் அத்தை, அவங்களுக்கு ஆகாது," என்று செல்வி கையை இழுத்துக்கொண்டாள். முத்து என் முகத்தைப் பார்த்தான். நான்தானே கழற்றக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வைத்தவள்.

"முத்துவுக்கு ஒண்ணும் ஆகாதுளா. நீ இருந்தாத்தான் அவன் இருப்பான். கையைத் தா," என்றேன்.

நர்ஸ் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தொன்றும் உடைந்தன.

அன்று சாயங்காலமே பெண்குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோ. பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். செல்வியும் சுகம்.

நான் கேட்டது ஒரு வளையல். அதை ஏறவிடாமல் செய்து பிள்ளையார் இரண்டு உயிரைத் தந்தார். அந்த முதல் வளையல் உடையாமல் இருந்திருந்தால் திங்கட்கிழமை ரயிலில் என்ன ஆகியிருக்குமோ! இப்போது நான் எதற்கும் சகுனம் பார்ப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சி தலைவலி என்றால் பற்றுப் போடாமல் டாக்டரிடம் அனுப்புகிறேன். நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டது நடக்கவில்லை என்றால் பயப்படாமல் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வியாதியின் பெயரை டாக்டர் சொன்னார், மறந்துவிட்டேன். முதலில் உடைந்தது இடது கை வளையலா, வலதா என்பதும் நினைவில்லை. பூஜையில் வாசிக்கிறதற்கு முன்னால் யாராவது செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். கேட்க அவள் இருக்கிறாள்.