கோமதி வாசிக்க, நான் சரிபார்க்க

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பையன் இப்போதுதான் தூங்கினான். அவர் டூரில் இருக்கிறார். எழுத்து நடுவே தடுமாறினால், எழுந்து போய் அவன் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதி போய்விட்டாள். சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில் நம்மோடு கணினித் தடயவியல் படித்த லக்ஷ்மிபாய் நகர் கோமதி. படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம், உங்களில் பலருக்கு இன்னும் தெரிந்திருக்காது. எனக்கே காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவள் எண்ணிலிருந்து போன் வந்தது. "ஏட்டி" என்ற குரலுக்குக் காத்திருந்தேன். "தங்கச்சி, நான் முருகேசன் பேசுதேன்" என்றார் அவள் கணவர். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லையாம். கிட்வாய் நகரிலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தே போகலாம். அவள் இல்லாமல் போனது தெரியாமல் நான் இங்கே பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

வகுப்பு இடைவேளையில் எல்லாரும் டீக்கு ஓடும்போது நான் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருப்பேன். அப்போது பையன் கைக்குழந்தை. கோமதி போனைப் பிடுங்குவாள். "அழுதான்னா என்னட்டி? அழுவுத புள்ளைக்கு மூச்சு இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லைன்னாத்தான் ஓடணும்."

அவள் மட்டும் கவலைப்படாதவளா? மகள் மீனு அம்மா குரல் கேட்காமல் தூங்கமாட்டாள். அதனால் வகுப்பு நாட்களுக்கென்று வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக் வைத்துக் கதைகளைப் பதிந்து வைத்திருந்தாள். கதை பாதியில் நின்று, "மீனு, ஜல்தி கண்ண மூடு. அம்மா பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று அதட்டல் வரும். பிள்ளையும் கம்ப்யூட்டருக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளுமாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

லேபில் அவளும் நானும் ஒரு ஜோடி. உங்களுக்கு நினைவிருக்கும்: மூல டிஸ்க்கைத் தொடக்கூடாது, நகலில்தான் வேலை. நகல் எடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியே எழுத்தும் கலந்த ஒரு நீள எண் வரும்; ஒத்துப்போனால் நகல் பிசகவில்லை என்று அர்த்தம். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கோமதி அதை பஸ் கண்டக்டரிடம் சண்டை போடுகிற மாதிரி வாசிப்பாள். "ஏழு, பி, ஒம்பது, ஒம்பது... ஏட்டி, முழிச்சிருக்கியா?" ஒருநாள் வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றி வாசித்தாள். நான் பாட்டுக்கு டிக் போட்டுக்கொண்டே போனேன். "பாத்தியா! நீ வீட்ல இருக்க. பென்சில் மட்டும் இங்க இருக்கு" என்றாள்.

துக்கம் கேட்கப் போன அன்று முருகேசன் அண்ணா தலைகுனிந்தபடியே சொன்னார். அம்மா குரலைப் போடச் சொல்லி மீனு ஓயாமல் அழுதிருக்கிறாள். பிள்ளை ஏங்கிப்போய்விடும் என்று அவருடைய அக்கா சொல்ல, அவரே எல்லாக் கதைகளையும் அழித்துவிட்டார்.

"குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன் தங்கச்சி. கோமதிதான் சொல்லுவா, அதையும் பண்ணாத்தான் முழுசாப் போகும்னு."

அது நமக்கு நடத்திய முதல் பாடத்தின் பாதி. மறுபாதியை அவள் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்: "அழிச்சது எங்கயும் போகாதுட்டி. அது மேல வேற ஒண்ண எழுதினாத்தான் போகும்."

"அண்ணா, அதுக்கப்புறம் மெஷின்ல ஏதாவது ஏத்தினீங்களா?"

"பாட்டு சிடி ஒண்ணு காப்பி பண்ணேன். புள்ள சிரிக்கட்டும்னு."

மீனு சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆண்ட்டி, மம்மியை ஆன் கர் தோ" என்று பாதி இந்தியில் அம்மாவைப் போட்டுவிடச் சொன்னாள்.

நான் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். "ஐயோ, ஷட் டவுன் பண்ணாமயா?" என்று பதறினார் அண்ணா. ஷட் டவுன் செய்தால் அது போகிற போக்கில் எதையாவது எழுதும். எதன் மேல் எழுதும் என்று யாருக்குத் தெரியும்? அவரிடம் கேட்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவந்தேன். இப்போது என் பீரோவில், பையன் கைக்கெட்டாத மேல்தட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டுகள் எத்தனை கதைகளின் மேல் உட்கார்ந்துவிட்டனவோ தெரியாது. ஒரே ஒரு கதை மிஞ்சியிருந்தாலும் போதும். ஒன்றுமே இல்லையென்றால் மீனுவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் கேட்டுவிட்டேன். டிஸ்க்கை நகலெடுத்து அழிந்ததைத் தேடிப் பார்க்கச் சனிக்கிழமை லேபைத் தருகிறார்களாம். ஆனால் இரண்டு பேராக வந்தால்தான் என்கிறார்கள். அது சரிதான். என் பென்சிலை நம்பி மூல டிஸ்க்கில் கை வைக்க எனக்கே பயம்.

டிஸ்க் மீனுவுடையது. கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். ஏட்டி, முழிச்சிருக்கியா? முழித்துத்தான் இருக்கிறேன். சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணை வாசிக்க உங்களில் யார் வருவீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.