கடைசிப் பெட்டி போர்டு

மாஸ்டருக்குக் கண் ரெண்டும் போனதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு வெளிய சொன்னா அடிக்க வருவாங்க. வரட்டுமே, சொல்லத்தான் போறேன்.

தண்டவாளத்தை ஒட்டி அவர் வீடு. சாயங்காலமானா வாசல்ல நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்துல நானும் உட்காருவேன். அவர் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்த இடத்துல நான் பாயிண்ட்ஸ்மேன். வண்டிக்குத் தண்டவாளம் மாத்தி விடறது என் வேலை. கூட்ஸ் வண்டி போனா காதைத் தீட்டிக்கிட்டு, "ஐம்பத்தெட்டுப் பெட்டி"ம்பார். சரியாத்தான் இருக்கும், பாவி மனுஷன். நம்ம காலத்து நாலு சக்கரப் பெட்டிங்க போட்ட தடதடப்பு இதுல இல்லையேன்னு ரெண்டு பேரும் அலுத்துக்குவோம். பார்க்கறவங்க சிநேகிதம்னு நினைப்பாங்க.

அப்புறம் கேட்பார்: "கடைசிப் பெட்டியில போர்டு இருந்துதா?"

அந்தப் போர்டு தொங்கினாத்தான் வண்டி முழுசா வந்துடுச்சுன்னு அர்த்தம். இல்லேன்னா நடுவுல அறுந்து, பாதிப் பெட்டி வழியிலேயே நிக்குது. அதைப் பார்க்காம பின்னால அடுத்த வண்டியை விடவே கூடாது. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம் இவர் பார்க்காம விட்டார். பின்னால வந்த என்ஜின் நின்ன பெட்டிங்க மேல மோதி, டிரைவருக்கு ஒரு கால் போச்சு. விசாரணையில கூசாம சொன்னார்: "போர்டு இருக்குன்னு பாயிண்ட்ஸ்மேன்தான் கத்தினான்." ஐயா, நான் வாயே திறக்கலை! என் வேலை போச்சு. என் பொண்டாட்டி தையல் மெஷினை மிதிச்சுக் குடும்பத்தைக் கரை சேர்த்தா. ஆனா "நிஜமா நீங்க கத்தலையா?"ன்னு சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை.

அதனால மாஸ்டருக்கு தினமும் ஒரே பதில்: "போர்டைக் காணோமே சார்."

பதறிப் போய் ஸ்டேஷனுக்குப் போன் போடுவார். அங்கே இருக்கறவங்க வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க. நான் பொய் சொல்றது அவருக்கு நல்லாவே தெரியும். ஒருவேளை இன்னைக்கு நிஜமா இருந்துட்டாங்கற பயம் விடாது. அந்தப் பயத்தைப் பார்க்கத்தான் நான் போறதே.

போன வாரம் போனைக் கையில எடுத்தவர் நம்பர் போடலை.

"போதும்யா. அன்னைக்கு நீ ஒண்ணும் கத்தலை. நான் எழுந்து பார்க்கவே இல்லை. என்னை விட்டுடு."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஏறிச்சு. "இதை உங்க பொண்ணு காதுல போடுங்க"ன்னு அவளைக் கூப்பிட்டேன். டீ டம்ளரோட வந்து நின்னா. மனுஷன் அழுதுக்கிட்டே திரும்பச் சொன்னார். அவ முகம் மாறவே இல்லை.

"தெரியும் மாமா. அம்மா போறதுக்கு முன்னாடி சொன்னாங்க."

அவங்கம்மா போய்ப் பத்து வருஷம். என்னவ போய் மூணு. நடுவுல ஏழு வருஷம், மாசம் தவறாம துணி தைக்கக் குடுக்க எங்க வீட்டுக்கு வந்து, என் பொண்டாட்டி எதிர்ல உட்கார்ந்து சிரிச்சுப் பேசிட்டுப் போனவ இவ.

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"அப்பாவோட பென்ஷன் போயிடும்னு பயந்துட்டேன் மாமா."

டீயை வாங்கிக் கீழே வெச்சுட்டு எழுந்தேன்.

"நாளைக்கும் வருவேன்மா. இனிமே உங்க அப்பாவைப் பார்க்க இல்லை."