மூக்கில் ஏறிய தட்டான்

செல்லூரில் என் வீட்டுப் பின்புறம் ஒரு கட்டில் போடும் அளவுக்குத்தான் இடம். போன மழைக்காலத்தில் அங்கே குளம் வெட்டினேன். குளம் என்றதும் சிரிக்க வேண்டாம், ஒரு எருமை படுத்தால் நிறைந்துவிடும். அடியில் விரிக்க பிளக்ஸ் பேனர் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? காதுகுத்து, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் பேனர்தான். விசேஷம் முடிந்தால் அது கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிடும். அடுத்த வீட்டில் தறி ஓட்டும் அண்ணன், மகள் காதுகுத்துக்கு வைத்ததை, "எடுத்துக்கங்க டீச்சர்" என்று தூக்கிக் கொடுத்தார்.

வழுவழுப்பான பக்கம்தான் தண்ணீரைத் தாங்கும் என்று என் புத்திக்குப் பட்டது. அண்ணன் படம் அச்சடித்த அந்தப் பக்கத்தை மேலாக வைத்து விரித்தேன். முறுக்கிய மீசையும் கூலிங்கிளாசுமாகக் கைகூப்பிச் சிரித்த அண்ணன் தண்ணீருக்குள் போனார். பாசி பிடித்ததும் மறந்தே போனேன்.

தலைப்பிரட்டை வந்தது, மீன்கொத்தி வந்தது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளித்துச் சண்டை போட்டன. எனக்கோ தட்டான் குஞ்சுகள்மேல்தான் கண். சிறகில்லாமல் தண்ணீருக்குள்ளேயே திரிந்து, ஒருநாள் மேலே ஏறி, முதுகு வெடித்துச் சிறகோடு வெளியே வருமாம். கோடை விடுமுறை முடிவதற்குள் அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசையே இல்லை எனக்கு.

கத்திரி வெயிலில் தண்ணீர் வற்றியது. அடியில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்ததால் அண்ணனின் மூக்கு முதலில் வெளியே வந்தது, பிறகு மீசை. கறிவேப்பிலை பறிக்க வந்த அவர் மனைவி பார்த்துவிட்டார்.

"அடி ஆத்தீ! உசுரோட இருக்குற மனுசனத் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்காகளே!"

அண்ணன் ஓடி வந்து தன்னையே குனிந்து பார்த்தார். மீசைமேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"ஏன் டீச்சர், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?"

"வேணும்னு செய்யலண்ணே."

"காலையில வாரேன். கிழிச்சு எடுத்துருவேன்."

எடுத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், குஞ்சு ஒன்றுகூடப் பிழைக்காது. "அதுக வெளிய வர்ற வரைக்கும் பொறுங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

"எங்கிருந்து?"

"உங்க கன்னத்துல இருந்து."

அவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் விடியும்போதே குளத்தருகே காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன். பாழாய்ப்போன தெருக்குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. விட்டால் மறுபடி எப்போதோ. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் சண்டை போட்ட இரண்டு பேருக்கு நான்தான் பஞ்சாயத்து செய்து வைக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தால், அண்ணன் கையில் கத்தியோடு குளத்தோரம் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். பேனர் அப்படியே இருந்தது.

"சத்தம் போடாதீங்க டீச்சர்" என்றார் கிசுகிசுப்பாக. சத்தம் போடாமல் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. அவருடைய மூக்கின்மேல் ஒரு வெற்றுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூக்குலதான் ஏறுச்சு. முதுகு பொளந்துச்சு. செறகு நனஞ்ச துணி கணக்கா இருந்துச்சு, அப்பறம் விரிஞ்சு காஞ்சுச்சு. இப்பத்தான் நம்ம தறி செட்டுப் பக்கமாப் பறந்துச்சு. அம்புட்டு அழகு டீச்சர்!" அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, வயிற்றெரிச்சலில். ஒரு பருவம் முழுக்கக் காத்துக் கிடந்தவள் நான், பார்த்தது கத்தி கொண்டுவந்த ஆள்! குடத்தை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் அவர் வீட்டு போர்வெல் பைப் சுவரைத் தாண்டி வந்து குளத்தில் விழுந்தது. மீசை மூழ்கியதும் நிறுத்திவிட்டார்.

"நெறைய விடுங்கண்ணே."

"மூக்கு வெளிய இருக்கட்டும் டீச்சர். அடுத்தது ஏற எடம் வேணும்ல?"

மறுநாள் விடிவதற்கு முன்பே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்டூல் கிடந்தது, அதில் அண்ணன்.