ஃபோட்டிஸுக்குப் பூசிய பவுடர்

கிரேக்க நாட்டில் எங்கள் வோலோஸ் ஊரில் சில டாக்டர்கள் இன்னும் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. வீட்டு ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதற்கப்புறம் அது அந்த வீட்டு ஆளின் பாடு. ஃபோட்டிஸுக்கு ஈரலில் புற்று என்று அசிமீனாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரிடம் போய், "பித்தப்பையில கல்லாம், ஃபோட்டி. மருந்துலயே கரைஞ்சிடுமாம்" என்று சொல்லிவிட்டாள்.

அசிமீனா என் அழகுப்பொருள் கடைக்குப் பின்தெருவில் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க ஆவியில் நிற்பவளுக்கு மேக்கப் எங்கே நிற்கும்? கல்யாணத்துக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று என்றுகூட இல்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு லிப்ஸ்டிக் வைத்திருந்தாள். வாய் மட்டும் அவள் இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடு. ஒரு சீமாட்டி பாவாடையில் சுருக்கம் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தபோது, "துணியில இருக்கற சுருக்கத்தை நான் எடுப்பேன். மூஞ்சில இருக்கறதுக்கு முன்தெருவுல பொலிக்ஸேனி கடைக்குப் போ" என்று சொல்லி அனுப்பினாள். அந்தப் பொலிக்ஸேனி நான்தான். அந்தச் சீமாட்டி நிஜமாகவே என்னிடம் வந்து இரண்டு கிரீம் வாங்கிக்கொண்டு போனாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் வீங்கி, மூக்கு சிவந்து கிடந்தது.

"அழுதது தெரியக்கூடாது. போட்டதும் தெரியக்கூடாது. அதுக்கு என்னடி வெச்சிருக்க?"

நான் குழம்பு மாதிரி இருக்கும் ஃபவுண்டேஷனை எடுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அதை நேத்தே மருந்துக்கடையில வாங்கிப் பூசிப் பாத்துட்டேன். 'என்ன, யார் வீட்டுக் கல்யாணம்'னு கேட்டுட்டாரு என் வீட்டு மனுஷன். பஸ் ஓட்டினவர் இல்லையா, கண்ணாடியிலயே ஆளுங்க மூஞ்சியப் படிச்சுப் பழக்கம்."

அப்போதுதான் உதிரியாக வரும் மினரல் பவுடரை எடுத்தேன். சின்ன வட்ட டப்பா, உள்மூடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள். வெளிச்சத்தில் பார்ப்பதற்காக அவளைக் கடை வாசலுக்கு இழுத்துப்போய், தாடையோரத்தில் மூன்று நிறங்களைத் தடவிப் பார்த்தேன். எது தோலோடு சேர்ந்து காணாமல் போகிறதோ அதுதான் அவள் நிறம். பிறகு பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தேன். அவள் டப்பாவுக்குள்ளேயே பிரஷ்ஷை முக்கி முகத்தில் அப்பிக்கொண்டாள். ரொட்டி சுடுகிறவன் மனைவி மாதிரி ஆகிவிட்டாள்.

"மூடியில கொஞ்சமா தட்டிக்கோ. பிரஷ்ஷைச் சுத்து, ஓரத்துல தட்டி உதறு. அப்புறம் வட்டம் வட்டமா தேய். பத்தலைன்னா இன்னொரு தடவை. ஒரேயடியா வேண்டாம்."

இஸ்திரிக்காரி ஆயிற்றே, இரண்டாவது முறையே கை படிந்துவிட்டது. மூக்குச் சிவப்பு அடங்கியது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"முத்தம் குடுத்தா ஒட்டுமாடி?"

"இந்த வயசுலயா?" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. "தினம் காலைல ரெண்டு கன்னத்துலயும் குடுப்பாரு. பவுடர் அவர் உதட்டுல வந்துச்சுன்னா என் பொழப்பு முடிஞ்சுது."

ஒட்டாது என்று சத்தியம் செய்து அனுப்பினேன். அதற்குப் பிறகு தினமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், முகத்தைக் காயவிட்டுப் பவுடர் போடுவாள், வெளியே வந்து சூப் கொடுப்பாள். இலையுதிர் காலம் முழுக்க இப்படியே ஓடியது. ஃபோட்டிஸ் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே வந்தார்.

அவர்களுக்கு ஒரே மகன், ஆர்கிரிஸ். மெல்போர்னில் இருக்கிறான். மனைவிக்குப் பிரசவம் நெருங்கிய நேரம். அவனிடமும் கல் என்றுதான் சொல்லியிருந்தாள் அசிமீனா. போனில் அம்மாவின் குரல் சரியில்லை என்று அவனே டிக்கெட் போட்டுவிட்டான். "வந்து பாக்கறேன். அப்பா மோசமா இருந்தா நான் திரும்பிப் போகல, இருந்துடறேன்" என்று போனில் சொன்னான். அசிமீனாவுக்கு அந்த ஒரு சொல்தான் உயிர். மகன் வருவான், தகப்பனைப் பார்ப்பான், இருந்துவிடுவான்.

அவன் வருகிற அன்று காலை ஃபோட்டிஸ் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். பால்கனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொலிக்ஸேனி, என் பொண்டாட்டிக்கு நீ குடுத்த பவுடர் நல்ல சரக்கு. எனக்கும் கொஞ்சம் போட்டுவிடு."

காபித் தட்டோடு வந்த அசிமீனா அப்படியே நின்றுவிட்டாள்.

"பித்தப்பைக் கல்லுக்கு யாரும் குழாயத் திறந்துவிட்டு அழ மாட்டாங்க, கண்ணு" என்றார் அவர். "முதல் நாளே தெரியும் எனக்கு. நீ இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கறியே, பாழாக்க வேண்டாம்னு இருந்தேன்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் மேல் பாய்ந்தாள். "முடியாது! அவன் பாக்கட்டும். பாத்தாத்தான் இருப்பான். கடைசியில உன் கையப் பிடிச்சுக்கிட்டு உக்கார உன் புள்ளை வேண்டாமா?"

"வேணும். ஆனா பாத்தா இருந்துடுவான், அதனாலதான் பாக்கக் கூடாதுங்கறேன். அங்க அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா? தனியா பெத்துக்கணுமா அவ?"

"அவ சின்னப் பொண்ணு, சமாளிப்பா. நான்?"

ஃபோட்டிஸ் கையை நீட்டி, என் பையிலிருந்து டப்பாவை அவரே எடுத்தார். பிரஷ்ஷை முக்கிக் கன்னத்தில் திட்டுத் திட்டாக அப்பினார், பாதி சட்டையில் கொட்டியது. அசிமீனா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கோணலாகச் செய்த வேலையை அவளால் சகிக்க முடியாது. பிரஷ்ஷைப் பிடுங்கினாள்.

"குடு இப்படி, கழுதை."

ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீம் தடவிக் காத்திருந்து, நான் எடுத்துக் கொடுத்த இளஞ்சிவப்பு கலந்த நிறத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். காது, கழுத்து, புறங்கை எதையும் விடவில்லை. மஞ்சள் மறைந்தது. கண்ணுக்குள் இருக்கிற மஞ்சளுக்குப் பவுடர் இல்லையே, அதற்குப் பஸ் ஓட்டிய காலத்துக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள். அவள் கண்ணீர் அவர் கையில் விழுந்த இடத்தில் மட்டும் பவுடர் கரைந்தது. அதையும் மறுபடி பூசினாள்.

ஆர்கிரிஸ் வந்தான். தகப்பனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். நான் சமையலறை வாசலில் நின்று அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் ஒட்டவில்லை.

"அம்மா பேசினதைக் கேட்டுப் பயந்தே போயிட்டேன்ப்பா. நீ என்னடான்னா மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்க!"

யாராவது புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று எங்கள் பெண்கள் துப்புவது வழக்கம். அசிமீனாவும் பழக்கத்தில் "த்தூ, த்தூ, த்தூ" என்றாள். பிறகு சமையலறைக்குள் ஓடிவந்து என் தோளில் வாயைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் இருந்த நாளெல்லாம், அவன் எழுந்திருப்பதற்குள் கணவருக்குப் பவுடர் போட்டுவிடுவாள். கிளம்புகிற அன்று அவன் அவளை வாசல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டான்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. நான் இருக்கணுமா?"

பால்கனியிலிருந்து ஃபோட்டிஸ் கீழே போகிற யாரையோ கூப்பிட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு அவருக்கு எவ்வளவு மூச்சு செலவாகும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"போ" என்றாள் அசிமீனா. "அப்பா நல்லாத்தானே இருக்காரு."

குழந்தை பிறந்தது, பெண். போனில் பேத்தியைப் பார்த்த அதே வாரத்தில் ஃபோட்டிஸ் போய்விட்டார். முகத்தைக் கொஞ்சம் திருத்தட்டுமா என்று அடக்க ஏற்பாடு செய்கிறவர் கேட்டார். வேண்டாம், போதும் என்று அசிமீனா சொல்லிவிட்டாள்.

ஆர்கிரிஸ் விமானத்திலிருந்து நேராகச் சர்ச்சுக்கு வந்தான். கடைசி முத்தம் கொடுக்க, மூடாத சவப்பெட்டியின் மேல் குனிந்தவன், பாதியில் நின்றான். அத்தனை மஞ்சள். ஒரு மாதத்தில் வருகிற மஞ்சள் இல்லை அது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தானா?"

சர்ச்சே கேட்டுக்கொண்டிருந்தது. அவன் குனிந்து தகப்பனின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

பவுடர் விஷயத்தை அன்று சாயங்காலமே அம்மா வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டான். கெட்ட பையன் இல்லை. ஞாயிறு தவறாமல் வீடியோவில் கூப்பிடுகிறான், குழந்தையைக் காட்டுகிறான். போன ஞாயிறு நான் பக்கத்தில்தான் இருந்தேன். எப்படி இருக்கிறாய் என்றான். நல்லா இருக்கேன் என்றாள் இவள். அவன் கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்தான்.

"முதல்ல போய் மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா. அப்புறம் சொல்லு."

அன்று காலையில்தான் அவள் என்னிடம் டப்பாவையும் பிரஷ்ஷையும் திருப்பிக் கொடுத்திருந்தாள். முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் கிடையாது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து போனாள், குழாய்ச் சத்தம் கேட்டது. துடைக்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து போன் முன்னால் உட்கார்ந்து, "நல்லா இருக்கேன், கண்ணு" என்றாள்.