கொடிக்குப் போட்ட உறை

"கூலி கொடுத்த துரையையே காட்டிக் கொடுத்தவன்" என்று குழாயடியில் இனாயத்தைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். மந்தைவெளியில் ஒன்பது வருஷமாக எனக்கு அடுத்த வீட்டுக்காரன் அவன். உங்களைவிட எனக்குத் தெரியும்.

அடையாற்றில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதர் வீட்டில் அவன் டிரைவர். அந்தத் துரைமேல் நம் போலீஸ் கைவைக்கக் கூடாதாம், கோர்ட்டுக்குக் கூப்பிடவும் கூடாதாம். நாட்டுக்கு நாடு செய்கிற மரியாதை. நல்ல மரியாதைதான். குடித்துவிட்டுக் கார் ஓட்டக் கிடைத்த லைசென்ஸ் என்று துரை அதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம், விருந்துச் சாப்பாடு முடிந்து, இனாயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். ஊரூர் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அம்மாசியின் கால்மேல் ஏற்றினார். இனாயத் குதித்து இறங்கி அம்மாசியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். துரை வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

மறுநாள் துரை வீட்டிலிருந்து போலீஸுக்கு ஒரு காகிதம் வந்தது. துரை காரில் இல்லவே இல்லையாம். டிரைவர் கேட்காமல் எடுத்துப்போனானாம். இனாயத் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஜெயிலுக்குப் போய் வந்தால் வேலை அப்படியே இருக்குமாம். என்ன தாராளம்!

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன்.

"பாய், துரைய நான் ஒண்ணியும் பண்ண முடியாது. உன்னத்தான் புடிக்க முடியும். போட்டுடு, எல்லாருக்கும் நிம்மதி" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அம்மாசி காலுக்குமா சார்?" என்றான் இனாயத்.

அதற்குள் அம்மாசியின் பெண்டாட்டி தேவானை முன்னால் வந்தாள். "தொர கார்லதான் இருந்தாரு சார். கார் மூக்குல அவுங்க ஊரு கொடி பறந்துகினு வந்துது."

"அதனால இன்னா?"

"தொர இல்லாங்காட்டி பாய் கொடிக்கு உறை மாட்டிடுவாரு. உறையப் பாத்தா, மீன் வாங்க வர்றாருன்னு கூடையத் தூக்கினு ஓடுவோம். கொடி பறந்தா ஒதுங்கிக்குவோம். அன்னிக்கும் ஒதுங்கித்தான் சார் இருந்தோம். ஒதுங்கின எடத்துல வந்து ஏத்திட்டான்!"

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "டில்லிக்கு எழுதறேன். அவங்க சர்க்கார் அந்தப் பாதுகாப்ப எடுக்கணும், இல்ல அவங்க ஊர்லயே கேஸ் நடத்தணும். ரெண்டும் இல்லன்னா ஆளத் திருப்பிக் கூப்ட்டுக்கணும். ஆனா பாய், நீ சாட்சி சொன்னா உன் வேல போச்சு."

"எழுதுங்க சார்" என்றான் இனாயத். வீட்டில் அவன் பெண்டாட்டி ஜைதூன் பீ மாசமாக இருந்தாள். இதைத்தான் காட்டிக்கொடுத்தது என்கிறீர்கள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினான். துரை வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். இனாயத் வண்டியைக் கிளப்பவில்லை. இறங்கி, பறந்துகொண்டிருந்த கொடிக்கு உறையை மாட்டினான். உள்ளே துரை கத்தினார். காரில் இல்லாதவர் குரல் யாருக்குக் கேட்கும்? சாவியையும் தொப்பியையும் பானெட்டின்மேல் வைத்தான். கேட்டைத் திறந்து வெளியே நடந்தான்.