டவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் திருச்சிக்குப் போனேன்

காலை 7.35. திண்டுக்கல் ரயில் நிலையம். திருச்சிக்கு முன்பதிவில்லாத டிக்கெட் அறுபது ரூபாய், தூரம் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பையில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு, ஆதார் நகல், அத்தோடு நான் என் கைப்பட எழுதிய ஒரு மனுவின் நகல். அந்த மனுவை வாபஸ் வாங்கத்தான் இந்தப் பயணம்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தக் கர்வத்தில்தான் தம்பிக்கும் ஒரு மனு எழுதினேன். தம்பி அன்பு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாகக் குடியிருக்கிறான். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. கையால் பேசுவான், அதுவும் என்னைவிட வேகமாகப் பேசுவான். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன் இப்போது செல்போன் வீடியோ வழியாக, காது கேட்கிறவர்களுக்குக் கைமொழி கற்றுக்கொடுக்கிறான். ஆனால் அந்தப் பின்கட்டின் பழைய சுவர்கள் முழங்கை நீளத்துக்குத் தடிமன். உள்ளே போனால் செல்போன் செத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் சிக்னல் என்று யாரும் சொல்வதில்லை. எல்லாம் டவர்தான். டவர் இல்லை, டவர் போயிருச்சு, ஒரு கட்டை டவர்தான் காட்டுது. செல்போன் கம்பெனிக்கு நானும் அப்படியே எழுதினேன்: ‘எங்கள் இல்லத்தில் டவர் அறவே இல்லாததால் பெரிதும் அவதியுறுகிறோம். ஆகவே சமூகம் தயைகூர்ந்து மேற்படி முகவரியில் டவர் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’ அந்த ‘அமைத்து’தான் குடியைக் கெடுத்தது. மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் நிறுத்த இடம் தருவதாக நான் விண்ணப்பித்திருக்கிறேன் என்று கம்பெனி எடுத்துக்கொண்டது. போன வாரம் டேப்போடு இரண்டு பேர் வந்து மாடியை அளந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் கொதித்துப்போய் அன்புவை இந்த மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஒரு மருத்துவமனையின் பன்னிரண்டு நர்சுகளுக்கு அன்பு வைக்க வேண்டிய சோதனை வகுப்பு அன்று மாலை நான்கு மணிக்கு. ஏற்கெனவே இரண்டு முறை பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக எழுதிவிட்டார்கள். வேலை, வீடு இரண்டும் ஒரே நாளில் போகும் நிலைமை. அதில் பாதி என் எழுத்தால் வந்த வினை என்பதால் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் எனக்கு வேடிக்கை பார்க்கத் தோன்றவில்லை.

காலை 9.10, திருச்சி ஜங்ஷன். மத்தியப் பேருந்து நிலையம் நடக்கிற தூரம். அங்கிருந்து ஒன்றாம் நம்பர் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இலவசம். “ஸ்ரீரங்கமா? உள்ள போங்கம்மா, படியிலேயே நின்னா எப்படி?” என்றார் கண்டக்டர். பஸ் முழுக்க செல்போன்கள். என் பக்கத்தில் மீன்கூடையோடு வந்த அம்மாள், நேற்று விட்டுப்போன சீரியலைச் சத்தமாக ஓடவிட்டிருந்தார். சத்திரம் பேருந்து நிலையம் வருவதற்குள் எனக்கும் கதை புரிந்துவிட்டது.

எனக்கு நினைவிருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு ஜி.பி. டேட்டா இருநூற்றைம்பது ரூபாய். அதை மாதம் முழுக்க மருந்துபோல் சொட்டுச் சொட்டாகச் செலவழிப்போம். அப்போது அன்புக்கு எஸ்.எம்.எஸ். மட்டும்தான். கைமொழிக்காரனுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. ‘அக்கா சாப்பாடு நான் முடிந்தது’ என்று வரும். அவன் சாப்பிட்டானா, சாப்பாடு தீர்ந்துவிட்டதா என்று நான் குழம்புவேன். பிறகு விலை மடமடவென்று சரிந்தது. இன்று ஒரு நாளைக்கே ஒன்றரை ஜி.பி., மாதம் முந்நூறு ரூபாய் சுமாருக்கு. அதிலும் கம்பெனிக்காரர்களின் மாதத்துக்கு இருபத்தெட்டே நாள். வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் கறக்கிறார்கள். இருந்தாலும் நான் மன்னித்துவிட்டேன். மெயின்கார்டு கேட் பக்கம் ஆறாயிரம் ரூபாய்க்குப் பழைய ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கி, அன்பு முதன்முதலில் வீடியோவில் வந்து என்னோடு கையால் சண்டை போட்ட நாளை எப்படி மறப்பேன்? முழு வாக்கியங்களில் திட்டினான். அழுதுவிட்டேன்.

காலை 10.15, ஸ்ரீரங்கம். சித்திரை வீதியிலிருந்து பிரியும் சந்தில் வீடு. வாசலில் பூக்காரப் பெண்ணிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன், எண்பது ரூபாய். அட்டையைக் காட்டினார், ஸ்கேன் செய்தேன். அவருடைய கூடைக்குள்ளிருந்த சின்னப் பெட்டி ‘எண்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று தெருவுக்கே சொன்னது. பூவோடு போனால் கோபம் தணியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

தணியவில்லை. வீட்டுக்கார அலமேலு மாமி பூவை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“அன்பு மேல நேக்கு ஒரு கோபமும் கிடையாது. வாடகை ஒரு நாள் பிந்தினதில்லை, குழந்தை பரம சாது. கோபமெல்லாம் உங்க மேலதான். பெருமாள் விமானம் தெரியற மாடியில இரும்புக் கோபுரம் வெக்கணும்னு எழுதறதுக்கு எப்படி மனசு வந்தது?”

“டவர்னா நாங்க சிக்னலைச் சொல்றதுங்க மாமி. எழுதத் தெரியாம எழுதிட்டேன்.”

இருபத்திரண்டு வருட எழுத்தர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வெளியே வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அன்பு என் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வான், பாவி.

காலை 11.30. கம்பெனி சார்பில் ஜாஃபர் வந்தார். தென்னூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். போன வாரம் மாடியை அளந்தவர்களில் ஒருவர். விண்ணப்பக் கோப்பை மூட, மனு எழுதியவரே நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னை வரவழைத்தவரும் அவர்தான்.

“எத்தனையோ வருஷமா இந்த வேலை பாக்குறேன். மாடியில டவர் வெச்சா மாசாமாசம் வாடகை வரும்னு ஜனங்க எங்க பின்னாடி அலையுறாங்க. வேண்டாம்னு எழுதிக் கொடுக்கறதுக்கு ஊர் விட்டு ஊர் வந்தது நீங்கதாம்மா.”

அவரை நான் விடவில்லை. அன்புவின் நான்கு மணிக் கதையைச் சொன்னேன். செல்போனை ஏந்திக்கொண்டு அவர் பின்கட்டுக்குள் போனார், வெளியே வந்தார், மாடிக்கு ஏறினார். நாங்களும் ஏறினோம். கோயிலைச் சுற்றி யாரும் உயரமாக எதையும் நிறுத்த மாட்டார்கள், அதனால் டவரெல்லாம் தள்ளித்தான் நிற்கிறது, மாடியில் வேகம் பிரமாதம், சுவர்தான் தின்கிறது என்றார். பிறகு வேனிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். மாடியில் அது 5ஜி-யைப் பிடிக்கும், அங்கிருந்து ஒயர் கீழே போகும், அறைக்குள் வைஃபை வரும். மாதம் வரியோடு எழுநூறு ரூபாய்க்குள், இணைப்புக்கு ஆயிரம். பள்ளம் தோண்டிக் கேபிள் போட முடியாத இந்த மாதிரிச் சந்துகளில் கம்பெனிக்கும் இதுதான் கட்டுப்படியாகிறதாம்.

மாமியின் சம்மதம் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. நாங்கள் மூவரும் மாமியைப் பார்த்தோம்.

“இது கைப்பிடிச் சுவருக்கு மேல தெரியுமோ?”

“தெரியாதுங்க. சுவருக்கு உள்பக்கமாவே அடிச்சுத் தரேன்.”

மாமி சம்மதக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். எழுதியதை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னார். “எங்கயாவது அந்த வார்த்தை இருக்கோ?” என்று கேட்டார். டவர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் கையெழுத்து விழுந்தது. காலி செய்ய வேண்டாம் என்று கையை அசைத்து அன்புக்கும் சொன்னார். அந்தக் கையசைவு எந்தப் பாடத்திலும் இல்லாதது. ஆனாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது, குனிந்து மாமியின் காலைத் தொட்டான்.

மதியம் 3.20. பெட்டி மாட்டியாகிவிட்டது, ஒயர் ஜன்னல் வழியாக இறங்கிவிட்டது. ஆனால் விளக்கு சிவப்பாகவே எரிகிறது. அலுவலகத்தில் இணைப்பைத் திறந்துவிட வேண்டும். ஜாஃபர் மாடியில் நின்று போனில் யாரிடமோ கெஞ்சுகிறார், அதட்டுகிறார், மறுபடி கெஞ்சுகிறார். 3.40. இன்னும் சிவப்பு. அன்பு இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமி கூடத்தில் முணுமுணுவென்று பெருமாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

3.52. பச்சை.

“அல்ஹம்துலில்லாஹ், வந்துருச்சும்மா” என்று மாடியிலிருந்து குரல் வந்தது. கூடத்திலிருந்து மாமி “ரங்கா” என்றார்.

நான்கு மணிக்குத் திரையில் பன்னிரண்டு முகங்கள். நானும் மாமியும் கதவோரம் நின்றோம். அன்பு கையை உயர்த்தினான். காய்ச்சல், மயக்கம், ஊசி, பயப்படாதே. ஒவ்வொன்றாகக் காட்ட, பன்னிரண்டு பேரும் திருப்பிச் செய்தார்கள். ஒருத்தி ‘ஊசி’க்குப் பதிலாக வேறு எதையோ செய்ய, அன்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். படம் ஒரு முறைகூட உறையவில்லை. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தான். சேர்ந்து கேளுங்கள் என்று சைகை செய்தான். பன்னிரண்டு நர்சுகளும் ஒரே நேரத்தில் கையால் கேட்டார்கள்: உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

முப்பத்தொரு வயதாகிறது என் தம்பிக்கு. எத்தனை ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப் போயிருக்கிறேன். எல்லாரும் இந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள், அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை. அன்பு ஒரு கணம் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். பிறகு, எங்கும் வலிக்கவில்லை என்று சொன்னான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலை 6.40. திண்டுக்கல் போகும் ரயில் ஜங்ஷனை விட்டுக் கிளம்பியது. எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே நிஜமான டவர் நிற்கிறது, எந்நேரமும் முழுக் கட்டை. அதை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருடமாகப் பார்த்ததெல்லாம் ரசப்பொடி வீடியோவும் தங்கம் விலையும்தான். தடித்த சுவருக்குள் இருந்த என் தம்பி அதிலிருந்து ஒரு வாழ்க்கையையே எடுத்துக்கொண்டான் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

ஊர் தாண்டுவதற்குள் அன்பு வீடியோவில் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வேலை உறுதி, வாரம் நான்கு வகுப்பு, அடுத்த அணியில் டாக்டர்களும் இருக்கிறார்களாம். பதில் சொல்ல எனக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை செல்போனைப் பிடித்திருந்தது. மறு கையால் நான் திக்கித் திணறுவதை எதிர் இருக்கையில் இருந்த பெண் சற்று நேரம் பார்த்தார். மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன். நீங்க நல்லாப் பேசுங்க.”

மணப்பாறை வரை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் இரண்டு கையாலும் கத்திக் கத்திப் பேசினோம். பெட்டியில் ஒருவருடைய தூக்கமும் கலையவில்லை.