ஓம் என்றால் கேட்கிறேன்

லண்டனில் தாதியர் படிக்கிற கல்லூரி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். குட்மேய்ஸிலிருந்து ரயிலில் போவேன். காலை ஷிப்ட். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எழுத்தும் அந்த அளவுதான் வரும்.

இரண்டாம் மாடியில் ஒரு பெரிய அறை. ஆறு கட்டில், ஆறு ரப்பர் பொம்மை. பிள்ளைகள் அவற்றில் ஊசி போட்டுப் பழகுவார்கள். தரையைக் கூட்டிய பிறகு பொம்மைகளின் முகத்தையும் துடைப்பேன். நல்ல நோயாளிகள். ஒரு முறைப்பாடும் இல்லை.

சுவரில் 'கைகளைக் கழுவுங்கள்' என்று பல மொழிகளில் அட்டை. தமிழ் அட்டை தலைகீழாக இருந்தது. யாராவது மாற்றுவார்கள் என்று ஒரு மாதம் பார்த்தேன். மாற்றவில்லை. கழற்றி நிமிர்த்தி ஒட்டினேன்.

மறுநாள் ஒரு ஆசிரியை என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த வருடம்தான் நியூசிலாந்திலிருந்து வந்தவர். வெள்ளைக்காரர் போய் இறங்க முன்னமே அந்த நாட்டில் இருந்த சனம் அவருடையது. பேசியது இங்கிலீஷ். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"இந்த அட்டையைத் திருப்பினது நீங்களா?"

"யெஸ்," என்றேன். வேலை போகப்போகுது என்று நினைத்தேன்.

"நாலு கூட்டம் போட்டு ஒட்டின அட்டை," என்று சொல்லிச் சிரித்தார். பெரிய சிரிப்பு. பொம்மைகளைத் தவிர எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு தன் வேலையைச் சொன்னார். அவருடைய நாட்டில் டொக்டருக்கும் தாதிக்கும் படிப்பவர்களுக்கு அவருடைய சனத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. முன்பு அதை வேறு ஆட்கள் எழுதினார்கள். பிறகு அந்தச் சனமே உட்கார்ந்து எழுதியது. அதற்குத் தலைமை இவர். லண்டனிலும் அப்படியே செய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தச் சனத்தைப் பற்றிய பாடமோ, அந்தச் சனம் எழுத வேண்டும்.

தமிழருக்கு அதுவரை இருந்தது ஒரே ஒரு தாள். வாசித்துக் காட்டினார். தமிழ் நோயாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். உறைப்புச் சாப்பிடுவார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். இப்படிப் பத்து வரி.

"எப்படி?" என்று கேட்டார்.

"இதில நான் இல்லை."

"அப்ப நீங்கள் எங்க?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அடுத்த கிழமை நானாகப் போய் என் மனுசனின் கதையைச் சொன்னேன்.

மனுசனுக்கு வயிற்றெரிவு. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். வெறுவயிற்றோடு போக வேண்டும். கடிதத்தில் எழுதியிருந்தது. அவர் கடிதம் வாசிக்கிற ஆள் இல்லை. காலையில் நான் வேலைக்குப் போன பிறகு புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். அங்கே ஒரு தாதி தாளை வைத்து வரிசையாகக் கேட்டிருக்கிறார். பெயர் இதுதானே, யெஸ். முகவரி இதுதானே, யெஸ். இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைத்தானே, யெஸ், யெஸ். எல்லாவற்றுக்கும் சரி போட்டாயிற்று. கட்டிலில் படுத்து, டொக்டர் குழாயைக் கையில் எடுத்த பிறகு இவர் கேட்டாராம்:

"டொக்டர், புட்டும் அதில தெரியுமோ?"

புட்டு என்றால் என்ன என்று டொக்டர் கேட்டார். இவர் விளக்கினார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் கேட்டேன், "ஏனப்பா யெஸ் எண்டனீங்கள்?"

"அந்தப் பிள்ளை பாவம், மூச்சு விடாமல் வாசிச்சுக்கொண்டு நிக்குது. நான் மரம் மாதிரிப் படுத்துக்கிடக்கிறதே?"

"சாப்பிட்டதைப் பற்றியெல்லோ கேட்டவ!"

"அது நடுவில வந்திட்டுது. நான் என்ன செய்ய?"

பிறகு இன்னொரு நாள் போனார். வயிற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது சிரிக்கலாம்.

எங்கள் ஆட்கள் ஒருவர் கதைக்கும்போது இடைக்கிடை ஓம், ஓம் என்பார்கள். ஆம் என்கிற சொல்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கோ என்று அர்த்தம். சம்மதம் வேறு. சும்மா இருந்தால்தான் மரியாதையில்லை. இங்கிலீஷ் கதைத்தாலும் பழக்கம் விடாது. வாய் யெஸ் என்னும். உள்ளே இருப்பது ஓம்.

இதைச் சொன்னதும் ஆசிரியை மேசையில் தட்டினார். "இதுதான் பாடம்," என்றார்.

எட்டுப் பக்கம் எழுதி வந்து வரிவரியாக வாசித்துக் காட்டினார். நான் பேனையால் வெட்டினேன். ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது.

"ஏன் இவ்வளவும் வெட்டினீங்கள்?"

"பிள்ளையள் களைச்சுப் போங்கள்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு தானே இன்னும் இரண்டு வரி வெட்டினார். மிஞ்சியதில் முக்கியம் ஒரு வரி: யெஸ் என்று சொல்லித் தப்ப ஏலாத மாதிரிக் கேள். சாப்பிடவில்லைத்தானே என்று கேளாதே. கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று கேள்.

பாடத்தைப் பார்க்க ஒரு குழு வரும் என்றார்கள். மூன்று பேர். அவர்களுக்குப் பிடித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம். பிடிக்காவிட்டால் பழைய தாள். நோயாளியாகக் கட்டிலில் படுக்க வேண்டியது நான்.

அதற்கு முதல் நாள் மனுசன் சொன்னார், "ஈஸ்ட் ஹாமில வாங்கின சீலையை உடும்."

"கட்டிலில படுக்கிறதுக்குச் சீலையே?"

"பெரிய ஆக்கள் வருகினம் எல்லே?"

வேலை உடுப்போடு போனேன். ஒரு பொம்மையை இறக்கிவிட்டு அதன் கட்டிலில் படுத்தேன். நான் மாற்றிய விரிப்புத்தான். பிள்ளைகள் வந்து கேட்டார்கள். முதல் பிள்ளை பழைய மாதிரிக் கேட்டு, என் யெஸ்ஸை நம்பி எல்லாவற்றுக்கும் சரி போட்டது. இரண்டாவது ஒரு மாணவி. முன்பு பஸ் ஓட்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் கேட்டார், "காலையில என்ன சாப்பிட்டீங்கள்?"

"புட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். குழுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நீலக் கோப்பு வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். என் கட்டில் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, எனக்கு விளங்கவேண்டும் என்று மெல்ல மெல்ல ஆறுதலாகப் பேசினார்.

"உங்கள் கணவரின் கதை நல்ல கதை."

"யெஸ்."

"ஆனால் அது ஒருவருடைய கதை."

"யெஸ், யெஸ்."

"பிள்ளைகளுக்கு நேரம் குறைவு. ஒரு தாள் என்றால் சுலபம்."

"யெஸ்."

"அப்ப பழைய தாளிலேயே இதை ஒரு வரியாகச் சேர்த்தால் உங்களுக்குச் சம்மதம்தானே?"

"யெஸ், யெஸ்."

கோப்பைத் திறந்து எழுதினார். ஆசிரியையைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

பஸ் ஓட்டிய மாணவி கையைத் தூக்கினார்.

"சேர், அவ எதுக்கு யெஸ் சொன்னவ எண்டு கேளுங்கோ."

தலைவர் பேனையை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் யோசித்துத்தான் கேட்டார்.

"நான் இப்ப என்ன செய்யப் போறன் என்று நினைக்கிறீங்கள்?"

"தெரியாது. நீங்கள் கதைச்சீங்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தன்."

"பழைய தாளில் ஒரு வரி சேர்க்கப் போகிறேன். அதைப் பற்றி என்ன சொல்றீங்கள்?"

"வேண்டாம்."

"ஏன்?"

"அந்தத் தாளை வாசிச்ச ஆக்கள்தான் புட்டுச் சாப்பிட்ட மனுசனைக் கட்டிலில ஏத்தினவை."

அப்போது அவரும் சிரித்தார். எழுதியதைக் குறுக்கே வெட்டினார். நான் வேண்டுமென்றே யெஸ் சொன்னதாகப் பிள்ளைகள் நினைத்தார்கள். இல்லை. பழக்கம்தான். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆசிரியை என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். விரிப்புக் கசங்கியது. பிறகு நான்தான் மாற்றினேன்.

பாடம் வந்துவிட்டது. இப்போது தாதி படிக்கிற எல்லாருக்கும் உண்டு. அடுத்து வேறொரு சனத்தின் பாடத்தை ஆசிரியை தொடங்கியிருக்கிறார். அவர்களும் நிறைய வெட்டுகிறார்களாம்.

குழு வந்த அன்று வீட்டுக்கு வந்து மனுசனுக்கு முழுக்கச் சொன்னேன். நான் இவ்வளவு கதைப்பது குறைவு. அவர் டிவியைப் பார்த்தபடி ஓம், ஓம் என்றார்.

டிவியை நிறுத்தினேன். "நான் இப்ப என்ன சொன்னனான்?"

ரிமோட்டைத் தேடினார்.

"என்ர புட்டு யூனிவேர்சிட்டியில படிப்பிக்கினமாம்," என்றார். "நான்தான் காரணம். இரவைக்கும் அதையே அவியும்."

அவித்தேன்.